ஆறு மீட்டர் பம்ப் யாருக்கு வேண்டும்?

பிரிட்டனில் பிளம்பிங் சாமான் விற்கும் கடைக்குப் போய் வீட்டு ஹீட்டிங்குக்கு ஒரு பம்ப் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஐந்தா, ஆறா? ஐந்து மீட்டர் ஹெட் போதுமா, ஆறு மீட்டர் வேண்டுமா என்று அர்த்தம். பெட்டியின் மேல் 15-50, 15-60 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் பம்பின் வாய் அளவு, மில்லிமீட்டரில். இரண்டாவது, அது அதிகபட்சமாகத் தரும் ஹெட். பத்தால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். அதற்குப் பின்னால் 130 என்று இன்னோர் எண் இருந்தால், குழாய்க்கு நடுவே பம்ப் அடைத்துக்கொள்ளும் நீளம் அவ்வளவு மில்லிமீட்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பலரும் ஆறையே எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மீட்டர் கூடுதலாகக் கையில் இருந்தால் நஷ்டமா என்ன?

நஷ்டம் உண்டு என்பதே என் கட்சி. சாதாரண வீட்டுக்கு ஆறு மீட்டர் தேவைப்படுவது அபூர்வம். தேவைப்படுவதாகத் தோன்றும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது, சூடாகப் போன நீர் எத்தனை டிகிரி ஆறித் திரும்புகிறது, குழாய் எவ்வளவு அகலம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பம்பின் அளவு தானாக வந்து விழும். அவை தெரியாமல் பம்பை முதலில் தேர்ந்தெடுப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

ஏற்றுவது வேறு, சுற்றுவது வேறு

நம்மூரில் மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் அளப்பது உயரத்தை. கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில், மாடித் தொட்டி எத்தனை அடி உயரத்தில் என்று பார்த்து, இரண்டையும் கூட்டி, குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்தால் ஹெட். கோயம்புத்தூர் மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பதும் அதுதான். இந்தப் பழக்கத்தோடு லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ வீடு வாங்கிய தமிழர், மாடி அறையின் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால், நீரை மேலே ஏற்றும் வலு பம்புக்குப் போதவில்லை என்றுதான் நினைப்பார். ஆங்கிலேயர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அழுத்தத்தை மீட்டரில் சொல்வதால் வரும் வினை இது.

ஹீட்டிங் குழாய் ஒரு மூடிய சுற்று. பாய்லரில் புறப்படும் நீர் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு அதே பாய்லருக்குத் திரும்பி வருகிறது. ஒரு பக்கம் ஏறும் நீரின் எடையை மறுபக்கம் இறங்கும் நீரின் எடை சமன்செய்துவிடும். மாடி வரை நீரை நிறுத்தி வைப்பது, சுற்றை நிரப்பும்போதே ஏற்றி வைத்த அழுத்தம். நீர் குளிர்ந்திருக்கையில் அது 1 முதல் 1.5 பார் வரை இருக்கும். 1 பார் என்பது ஏறத்தாழ பத்து மீட்டர் உயர நீருக்குச் சமம். பழைய வீடுகளில் பரணில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தொட்டி அதே வேலையைச் செய்கிறது. பம்புக்கு மிஞ்சுவது குழாய், வளைவு, வால்வு, பாய்லர் ஆகியவற்றின் உராய்வு மட்டும்தான். ஒடுங்கிய மூன்று மாடி வீட்டைவிட, பரந்து கிடக்கும் ஒற்றைத் தள வீட்டுக்கு அதிக ஹெட் தேவைப்படலாம். குழாயின் நீளம் அதற்குக் காரணம்.

பம்பே இல்லாமல் இந்தச் சுற்று ஓடிய காலமும் உண்டு. 80 டிகிரி செல்சியஸ் நீரின் எடை கன மீட்டருக்கு 972 கிலோ; 60 டிகிரி நீர் 983 கிலோ. சூடான நீர் லேசாக இருப்பதால் மேலே போகும், ரேடியேட்டரில் ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும். பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் மூன்று மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், இந்தப் பதினொரு கிலோ எடை வேறுபாடு தரும் ஹெட் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். மீட்டர் இல்லை, சென்டிமீட்டர். அதை வைத்துக்கொண்டு பெரிய மாளிகைகளையே சூடாக்கினார்கள். உராய்வே இருக்கக் கூடாது என்பதற்காகக் குழாய்களை மணிக்கட்டுப் பருமனுக்குப் போட வேண்டியிருந்தது. அதுதான் அதற்குக் கொடுத்த விலை.

1928-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர் குழாயின் வளைவுக்குள் ஒரு சுழலியை வைத்து, வெளியே நின்ற மின்மோட்டாரால் அதைச் சுற்றினார். அவர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்ததே வீலோ நிறுவனத்தின் பெயர். பிரிட்டனுக்கு இதன் பலன் 1950-களில் வந்தது. பம்பை நம்பி அரை அங்குலச் செம்புக் குழாயிலேயே வீட்டைச் சூடாக்கும் முறையை அங்கே நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கம் வகுத்தது. மெல்லிய குழாய், குறைந்த கூலி, சுவரை அதிகம் உடைக்கத் தேவையில்லை. 1972-இல் பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வீடுகளில்தான் மைய ஹீட்டிங் இருந்தது. இன்று அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். குழாயைச் சிறுக்க வைத்துவிட்டு அந்தச் சுமையைப் பம்பின் மேல் ஏற்றியதுதான் இந்தப் பரவலின் பின்னால் இருந்த பேரம். அந்தப் பேரத்தின் பாக்கி இப்போது ஹீட் பம்ப் வரும்போது வசூலுக்கு வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எவ்வளவு நீர் ஓட வேண்டும்?

நீர் இங்கே வெப்பத்தைச் சுமந்து போகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஆறினால் 4.2 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். இதிலிருந்து மனத்தில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று வருகிறது: வீட்டின் வெப்ப இழப்பைக் கிலோவாட்டில் எடுத்து, 14.3-ஆல் பெருக்கி, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள டிகிரி வேறுபாட்டால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட வேண்டும் என்பது கிடைக்கும்.

வெப்ப இழப்பு என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் அந்த இடத்தில் பாய்லர் தகட்டிலுள்ள எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் பரவலாக இருக்கும் காம்பி பாய்லர் 24, 30, 35 கிலோவாட் என்று விற்கப்படுகிறது. ஷவரில் வெந்நீர் உடனுக்குடன் கொட்டுவதற்குத்தான் அத்தனை கிலோவாட். அதே வீட்டின் ரேடியேட்டர்களுக்கு, வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று டிகிரி குளிர் அடிக்கும் நாளில்கூட, எட்டு கிலோவாட் போதுமானதாக இருக்கலாம். முப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் பம்ப் மூன்று மடங்குக்கு மேல் பெருத்துவிடும்.

அடுத்தது டிகிரி வேறுபாடு. பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி நீர் 82 டிகிரியில் புறப்பட்டு 71-இல் திரும்பும், வேறுபாடு 11. இது பாரன்ஹீட்டில் முழு எண்ணாக வரும் 20 டிகிரி. வார்ப்பிரும்புப் பாய்லர்களுக்குத் திரும்பும் நீர் சூடாகவே இருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் புகையிலுள்ள நீராவி உள்ளேயே படிந்து இரும்பை அரிக்கும். 2005 ஏப்ரலில் இங்கிலாந்து கன்டென்சிங் பாய்லரைக் கட்டாயமாக்கியபோது நிலைமை தலைகீழானது. இந்தப் பாய்லர்களில் நீராவி படிவதுதான் நோக்கமே. அதன் மறைந்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இயற்கை எரிவாயுப் புகையில் அது நடக்கும். எனவே வேறுபாட்டை 20 டிகிரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். 2022 ஜூன் முதல், முழுதாகப் புதிதாகப் போடும் அமைப்புகளில் புறப்படும் நீரே 55 டிகிரியைத் தாண்டாதபடி வடிவமைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி.

இந்த மாற்றம் பம்புக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். எட்டு கிலோவாட் வீட்டில் 11 டிகிரி வேறுபாட்டுக்கு நிமிடத்துக்கு 10.4 லிட்டர் ஓட வேண்டும். 20 டிகிரிக்கு 5.7 லிட்டர் போதும். பாய்லரை மாற்றும்போது பம்பின் வேலை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. ஆனால் பழைய பம்ப் ரிப்பேர் ஆனால் அதன் தகட்டைப் படித்து அதே எண்ணுள்ள புதுப் பம்பை வாங்கி மாட்டுவதுதான் நடைமுறை. இடைப்பட்ட முப்பது வருடங்களில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வந்திருக்கும், பரணில் கம்பளி விரித்திருப்பார்கள், பாய்லரே மாறியிருக்கும். பம்பின் எண் மட்டும் மாறியிருக்காது.

ஒரு வீட்டைக் கணக்கிட்டால்

1930-களில் கட்டிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய, மூன்று படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். லண்டன் புறநகரில் தெருத் தெருவாக நிற்பது இந்த வகைதான். வெப்ப இழப்பு எட்டு கிலோவாட். பிரதான குழாய் 22 மில்லிமீட்டர், கிளைகள் 15.

ஹெட் கணக்கிடும்போது எல்லா ரேடியேட்டர்களையும் கூட்ட வேண்டியதில்லை. அவை இணையாக இருப்பவை. எந்த ரேடியேட்டருக்குப் போய் வரும் வழி நீருக்கு மிகக் கடினமோ அந்த ஒரு வழியை மட்டும் எடுத்தால் போதும். தொலைவில் இருப்பதுதான் கடினமானது என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் பக்கத்தில் இருந்தாலும் மெல்லிய குழாயில் தொங்கும் பெரிய ரேடியேட்டர் அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

நம் வீட்டில் அந்த வழியில் போகவர 22 மில்லிமீட்டர் குழாய் இருபது மீட்டர், 15 மில்லிமீட்டர் குழாய் பதினெட்டு மீட்டர் என்று வைப்போம். நிமிடத்துக்கு 10.4 லிட்டர் ஓடும்போது பெரிய குழாயில் மீட்டருக்குச் சுமார் 180 பாஸ்கல் உராய்வு. கிளைகளையும் சேர்த்தால் ஐயாயிரத்துச் சொச்சம் பாஸ்கல். வளைவுகளுக்கும் இணைப்புகளுக்கும் பாதி அளவு கூட்டினால் எட்டாயிரம். ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் வால்வுக்கு ஐயாயிரம், மோட்டார் வால்வுக்கு இரண்டரையாயிரம், பாய்லரின் வெப்ப மாற்றிக்கு எட்டாயிரம். மொத்தம் 23,500 பாஸ்கல். ஒரு மீட்டர் ஹெட் என்பது 9,810 பாஸ்கல். ஆக இந்த வீட்டுக்குத் தேவை சுமார் 2.4 மீட்டர்.

இது பழைய 11 டிகிரிக் கணக்கு. 20 டிகிரிக்கு மாறினால் ஓட்டம் 0.55 மடங்காகிறது, உராய்வு ஏறத்தாழ ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் ஹெட் முக்கால் மீட்டருக்கு வந்துவிடும். கடையில் ஆறு மீட்டரா ஐந்து மீட்டரா என்று நிற்கிறோம். வீடு முக்கால் மீட்டர் கேட்கிறது. பாய்லர் செய்பவர் தன் வெப்ப மாற்றிக்குக் குறைந்தபட்ச ஓட்டம் இவ்வளவு என்று நிபந்தனை போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அப்போது எண் கொஞ்சம் ஏறும். ஏறினாலும் ஆறுக்கு அருகில் வராது.

நீரைத் தள்ளத் தேவைப்படும் சக்தியையும் பார்த்துவிடலாம். 2.4 மீட்டர் ஹெட்டில் 10.4 லிட்டர் என்பது நான்கு வாட். முக்கால் மீட்டரில் 5.7 லிட்டர் ஒரு வாட்கூட இல்லை. ஒரு சின்ன எல்இடி பல்புக்கு ஆகும் சக்தியில் வீடு முழுவதும் நீர் சுற்றும். மூன்று வேகப் பொத்தான் வைத்த பழைய பம்புகள் இதற்கு அறுபது, எண்பது வாட் என்று இழுத்துக்கொண்டிருந்தன.

மூன்று கட்சிகள்

பம்ப் அளவைத் தீர்மானிப்பதில் களத்தில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

முதலாவது கைவிரல் கணக்கு. சின்ன வீட்டுக்கு ஐந்து, பெரிய வீட்டுக்கு ஆறு. ரேடியேட்டர் பத்தைத் தாண்டினால் யோசிக்காமல் ஆறு. இதை நான் ஏளனம் செய்யவில்லை. குளிர்காலத்தில் வாடிக்கையாளர் நடுங்கிக்கொண்டு நிற்கையில் சுவருக்குள் ஓடும் குழாயின் நீளத்தை யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கின் அடியில் இருப்பது பயம். பம்ப் சிறிதாகிப்போனால் கடைசி அறை குளிரும், போன் வரும், பிளம்பர் இலவசமாகத் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும். பம்ப் பெரிதாகிப்போனால் மின்கட்டணத்திலும் எரிவாயுக் கட்டணத்திலும் சிறு சிறு தொகையாகக் கரையும். அதற்காக யாரும் பிளம்பரைக் கூப்பிட்டுத் திட்டுவதில்லை. தண்டனை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எல்லோரும் மறுபக்கம்தான் சாய்வார்கள்.

இரண்டாவது, மேலே போட்டதுபோலக் கணக்குப் போடும் கட்சி. அறை அறையாக வெப்ப இழப்பு, குழாய்க்குக் குழாய் உராய்வு, பிறகு பம்ப் நிறுவனம் தரும் வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைத்துப் பார்ப்பது. புது வீட்டுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பழைய வீட்டில் கஷ்டம்: தரைப் பலகைக்கு அடியில் என்ன குழாய் போகிறது என்பது அதைப் போட்டவருக்கே மறந்திருக்கும். 1970-களின் வீடுகளில் 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய செம்புக் குழாய்கள் ஒளிந்திருக்கும். அவற்றில் ஹெட் சட்டென்று எகிறும். ஆறு மீட்டர் பம்புக்கு நியாயமான வேலை இருக்கும் அபூர்வ வீடுகளில் இவை சேர்த்தி.

மூன்றாவது கட்சி, பம்ப்பே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 641/2009 விதி, இந்த வகைப் பம்புகளுக்கு ஒரு சிக்கனக் குறியீட்டை வகுத்து, 2013 ஜனவரி முதல் அது 0.27-ஐயும் 2015 ஆகஸ்ட் முதல் 0.23-ஐயும் தாண்டக் கூடாது என்றது. மூன்று வேகப் பழைய பம்புகளால் அந்த வாசலுக்குள் நுழைய முடியவில்லை. நிலைக்காந்த மோட்டாரும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள பம்புகள் அந்த இடத்துக்கு வந்தன. அந்தக் குறியீட்டைக் கணக்கிட அவர்கள் எடுத்துக்கொண்ட நேரப் பங்கீடு கவனிக்கத்தக்கது: முழு ஓட்டம் 6 சதவீத நேரம், முக்கால் ஓட்டம் 15, அரை ஓட்டம் 35, கால் ஓட்டம் 44. கடுங்குளிர் நாளுக்குக் கணக்கிட்ட பம்ப், குளிர்காலத்தின் பெரும்பகுதியில் அரைக்கும் குறைவான வேலையைத்தான் செய்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓட்டம் பாதியாகும், ஹெட் காலாகும், சக்தி எட்டில் ஒன்றாகும். சிக்கனம் வருவது இந்த எட்டில் ஒன்றிலிருந்துதான். வருடத்துக்கு நாலாயிரம் மணி நேரம் ஓடும் பம்ப் 80 வாட்டிலிருந்து 15 வாட்டுக்கு இறங்கினால் 260 யூனிட் மிச்சம்; யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் 65 பவுண்டு.

ஆனால் தானியங்கிப் பம்புக்கு அறைகள் தெரியாது. அதற்குத் தெரிவது தன் சுழலி படும் எதிர்ப்பு மட்டுமே. வால்வுகள் மூட மூட ஓட்டம் குறைவதை உணர்ந்து அழுத்தத்தைக் குறைக்கும், நல்ல விஷயம். கடைசி அறை குளிர்வது அதற்கு எப்படித் தெரியும்? இன்னொரு சங்கடம்: நிலைக்காந்தச் சுழலி நீரிலேயே முழுகி ஓடுகிறது. ரேடியேட்டர்களின் உட்புறத் துருவில் பெரும்பகுதி காந்தம் இழுக்கும் மேக்னடைட். பழைய வீட்டின் கறுத்த நீரில் இந்தப் பம்பை இறக்கினால் துருத்தூளைத் தன்மேல் பூசிக்கொண்டு ஒருநாள் இறுகி நிற்கும். சுற்றைக் கழுவி, காந்த வடிகட்டி வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

என் கருத்து இரண்டாம் கட்சிக்கும் மூன்றாம் கட்சிக்கும் நடுவில். தோராயமாகவேனும் ஓட்டத்தையும் ஹெட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளி மின்னணுப் பம்பின் வரைபடத்தில் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பார்ப்பது போதும். அதன் பிறகு ஆகக் குறைந்த அமைப்பில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒரு படி ஏற்றலாம். நடைமுறை இதற்கு நேரெதிர். சுற்றில் மாட்டிய காற்றை விரட்டுவதற்காகப் பம்பை மூன்றாம் வேகத்தில் வைப்பார்கள், காற்று போய்விடும், பொத்தான் மட்டும் பதினைந்து வருடம் மூன்றிலேயே நிற்கும்.

பெருத்த பம்பின் தொந்தரவுகள்

முதலில் காதுக்குத் தெரியும். செம்புக் குழாயில் நீர் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் சத்தம் தொடங்கும் என்பது தொழிலின் பொதுவான எல்லை. அதற்கு முன்பே ரேடியேட்டர் வால்வுகள் சீறத் தொடங்கியிருக்கும். வால்வின் இரு பக்கமும் 20,000 பாஸ்கலுக்கு மேல் அழுத்த வேறுபாடு வந்தால் இரவு படுக்கையறையில் அந்தச் சத்தத்தோடுதான் தூங்க வேண்டும். ஆறு மீட்டர் என்பது ஏறத்தாழ 59,000 பாஸ்கல். மற்ற வால்வுகள் எல்லாம் மூடிக்கொண்டு ஒன்று மட்டும் திறந்திருக்கும் நேரத்தில் அதில் பெரும்பங்கு அந்த ஒன்றின் மேல் விழும். இதைத் தணிக்கத்தான் போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் நடுவே, அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் பைபாஸ் வால்வு வைக்கிறார்கள். பெரிய பம்பை வாங்கிவிட்டு அதன் வலுவை வீணடிக்க ஒரு வால்வையும் வாங்குவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் பாய்லரின் குறைந்தபட்ச ஓட்டத்தைக் காப்பாற்ற அது தேவைப்படும் வீடுகளும் இருக்கின்றன.

பரணில் தொட்டி வைத்த பழைய அமைப்புகளில் இன்னொரு வம்பு. பம்ப் அளவுக்கு மீறினால், காற்றுப் போக்கிக் குழாய் வழியாக நீரைத் தொட்டிக்குள் கொட்டும், அல்லது அதே குழாய் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று, அதிலிருந்து துரு, துருவிலிருந்து ரேடியேட்டரின் அடியில் கறுப்புச் சேறு. சேறு சேர்ந்தால் ரேடியேட்டர் அடியில் குளிரும். வீட்டுக்காரர் பம்ப் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய பம்பைத் தேடுவார்.

மிகப் பெரிய செலவு கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது. நீர் வேகமாகச் சுற்றினால் ஆற நேரமில்லாமல் சூடாகவே திரும்பும். 70-இல் போய் 64-இல் திரும்பினால் கன்டென்சிங் பாய்லர் பெயரளவில்தான் கன்டென்சிங். அதைப் பிடிக்கக் கணக்கு ஏதும் வேண்டாம். பாய்லரின் கீழே போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு கிளிப் தெர்மாமீட்டரை மாட்டி, எல்லா வால்வும் திறந்த நிலையில், பாய்லர் அரைமணி ஓடிய பிறகு படித்தால் போதும். வேறுபாடு ஐந்தாறு டிகிரிதான் என்றால் ஓட்டம் அதிகம். இருபத்தைந்தைத் தாண்டி, கடைசி அறையும் வெதுவெதுப்பாகவே இருந்தால் ஓட்டம் போதவில்லை. பம்ப் அளவைப் பற்றி இந்த இரண்டு தெர்மாமீட்டர்களும் சொல்வதைப் பெட்டியில் அச்சிட்ட எண் சொல்லாது.

ஓட்டம் போதவில்லை என்றாலும் பம்பின் மேல் பழியைப் போடுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். நீர் எப்போதும் எளிய வழியைத் தேடும். பாய்லருக்குப் பக்கத்திலுள்ள ரேடியேட்டர்கள் தங்கள் பங்குக்கு மேல் குடித்துவிட்டால் கடைசி அறைக்கு மிச்சமிருக்காது. அவற்றின் மறுமுனையில் மூடி போட்டிருக்கும் லாக்ஷீல்ட் வால்வை ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒடுக்கினால் நீர் தொலைவுக்குப் போகும். பேலன்சிங் என்று இதைச் சொல்வார்கள். ஒரு பகல் வேலை, பொருட்செலவு இல்லை. அதனாலேயே யாரும் செய்வதில்லை. ஜெர்மனி இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 2016 ஆகஸ்டிலிருந்து 2020 முடிய, பழைய பம்பை மாற்றினால் செலவில் 30 சதவீதத்தை அரசு தந்தது. பேலன்சிங் செய்வதற்கும் அதே திட்டத்தில் அதே 30 சதவீதம். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதி என்று அந்த நாட்டு நிர்வாகத்துக்குப் புரிந்திருக்கிறது. பிரிட்டிஷ் பிளம்பிங்கில் அது இன்னும் நல்ல பிளம்பரின் குணமாகவே இருக்கிறது.

பாய்லருக்குள் இருக்கும் பம்ப்

காம்பி பாய்லர் வைத்தவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. பம்ப் உள்ளேயே இருக்கும், வெந்நீர் வேலைக்கும் சேர்த்து அளவெடுத்தது. அவர்கள் பார்க்க வேண்டியது பாய்லர் கையேட்டில் உள்ள வரைபடம்: பாய்லரின் சொந்த உராய்வு போக, வெளியே உள்ள குழாய்களுக்கு இவ்வளவு ஓட்டத்தில் இவ்வளவு ஹெட் மிஞ்சும் என்று அதில் இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அது தாராளம். தரைக்கடியில் பதினாறு மில்லிமீட்டர் குழாய்ச் சுருள்கள் போட்ட வீடுகளில் மட்டும் அந்தச் சுருள்களின் தொகுப்புக்குத் தனிப் பம்ப் வைப்பார்கள். அங்கே இரண்டு பம்புகளும் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்க நடுவில் பிரிப்பு வேண்டும். அதை மறந்துவிட்டுப் பம்பின் அளவை மட்டும் கூட்டிக் குறைப்பதில் பயனில்லை.

ஹீட் பம்ப் வந்தபின்

2023 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயுப் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பவருக்கு 7,500 பவுண்டு மானியம் கிடைக்கிறது. வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இந்த இயந்திரத்துக்குப் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வேறுபாடு ஐந்து டிகிரி அளவில் இருப்பது பிடிக்கும். இதுவரை போட்ட கணக்கெல்லாம் இங்கே திரும்பி நிற்கிறது. நமது எட்டு கிலோவாட் வீட்டுக்கு இப்போது நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். இருபது டிகிரியில் ஓடியதுபோல நான்கு மடங்கு. ஓட்டம் நான்கு மடங்கானால் உராய்வு பதினாறு மடங்கு. முக்கால் மீட்டர் ஹெட் அதே குழாயில் பன்னிரண்டு மீட்டராகும். ஆறு மீட்டர் பம்பும் இங்கே தோற்கும்.

பெரிய பம்ப் போட்டு இதை ஜெயிக்கலாமா என்றால், ஜெயிக்கலாம்; சத்தத்தோடும் மின்கட்டணத்தோடும் வாழ வேண்டியிருக்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற எல்லைக்குள் 22 மில்லிமீட்டர் குழாய் நிமிடத்துக்கு 19 லிட்டர் கொண்டுபோகும். ஐந்து டிகிரியில் அது ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. 28 மில்லிமீட்டர் குழாய் 32 லிட்டர், பதினோரு கிலோவாட். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் பம்பைத் தொடுவதற்கு முன் மூன்று இடங்களில் பேரம் பேசுவார். இயந்திரம் அனுமதித்தால் வேறுபாட்டை ஏழு டிகிரிக்கு ஏற்றுவார். ஓட்டம் 16 லிட்டருக்கு இறங்கி 22 மில்லிமீட்டருக்குள் அடங்கும். முடியாவிட்டால் இயந்திரத்திலிருந்து முதல் பிரிவு வரையுள்ள சில மீட்டர் குழாயை மட்டும் 28-ஆக மாற்றுவார்; முழு ஓட்டமும் போவது அந்தத் துண்டில்தான், பிரிந்த பிறகு ஒவ்வொரு கிளையிலும் பாதிதான் போகும். மூன்றாவது, பரணிலும் சுவரிலும் காப்பு போட்டு வெப்ப இழப்பை எட்டிலிருந்து ஆறுக்குக் கொண்டுவருவது; அப்போது ஐந்து டிகிரியிலேயே 17 லிட்டர் போதும், குழாயைத் தொட வேண்டியதில்லை. 8 மில்லிமீட்டர் குழாய் ஓடும் 1970-களின் வீட்டில் இவற்றோடு கிளைக் குழாய்களையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்குகள் வெறும் நீருக்கு உரியவை. இயந்திரம் வீட்டுக்கு வெளியே நிற்பதால், மின்சாரம் போன குளிரிரவில் உள்ளே நீர் உறைந்துவிடும் என்று கிளைகால் கலப்பார்கள். கலவை நீரைவிடக் குறைவாக வெப்பம் சுமக்கும், நீரைவிடக் கொழகொழப்பாகவும் இருக்கும். எனவே ஓட்டம், ஹெட் இரண்டையும் ஏற்றிக் கணக்கிட வேண்டும். குழாய் உறைநிலையை நெருங்கும்போது தானாகத் திறந்து நீரை வெளியே கொட்டிவிடும் வால்வை வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சுற்றில் வெறும் நீரே ஓடலாம், மேலே போட்ட எண்களும் அப்படியே பொருந்தும்.